கழுகு படித்த கடைசி வரி

கண்ணாடிக்காரர் ஒரு நாளைக்குக் குறைந்தது பதினைந்து பேருடைய முகத்தைத் தொடுகிறவர். காதுக்குப் பின்னால் விரலை விட்டு பிரேமின் காலை வளைப்பார். மூக்கில் சரியாக உட்காருகிறதா என்று அமுக்கிப் பார்ப்பார். "இப்படி என்னைப் பாருங்க" என்று ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு கருவிழிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார். இத்தனை பேர் இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறார்களே, ஒருத்தராவது அவர் முகத்தை ஞாபகம் வைத்திருப்பார்களா என்றால், கிடையாது. தெருவில் எதிரே வந்தால், அவர் செய்து கொடுத்த கண்ணாடி வழியாகவே அவரைப் பார்த்துவிட்டு, யாரோ என்று விலகிப் போவார்கள். அதில் வருத்தமா என்று கேட்டால் இல்லை என்பார். பொய். வருத்தம்தான்.

வயது ஐம்பத்தேழு. கடைக்கு மேலேயே மாடியில் ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். இன்னொரு டம்ளரும் உண்டு, அதில் பல் துலக்கும் பிரஷ் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போன் செய்வாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்ட?"

"ஏதோ சாப்பிட்டேன்க்கா, விடு."

அதோடு அந்த வாரத்துக்கு வீட்டுப் பேச்சு முடிந்தது. மற்றபடி அந்த அறையில் பேசுவது ரேடியோ ஒன்றுதான். சில நாள் அது பேசும்போது இவர் "ம்" கொட்டுவதும் உண்டு. கொட்டிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களோ என்று கதவைப் பார்ப்பார். அங்கே யார் இருக்கிறார்கள் கேட்க?

ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கடை முதலாளி வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவார். அதற்குத் தயாராக ஒரு பதில் இருக்கிறது. அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள், ஒன்பது வருஷம் அதில் போயிற்று, அப்புறம் வயதாகிவிட்டது. எல்லாம் நிஜம். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று கிடந்தது. அதை அவர் ஒருத்தரிடமும் சொன்னதில்லை, சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பதினைந்து வயதில் ஒரு பெண் கையைத் தூக்கவில்லை. அவ்வளவுதான் சங்கதி. இதற்கா ஒரு மனுஷன் தனியாக இருப்பான் என்று கேட்பீர்கள். அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு அவர் தாடி வளர்க்கவெல்லாம் இல்லை. ஆனால் அன்றைக்கு ஒடுங்கினவர்தான். அதற்கப்புறம் யாரிடமும் போய் "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்கிற தைரியம் அவருக்கு வரவேயில்லை.

அப்போது அவருக்கு ஸ்கேல் என்று பெயர். வகுப்பிலேயே உயரம், குச்சி உடம்பு, வேறென்ன வைப்பார்கள்? அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குக் கண் பார்க்க ஒரு டாக்டர் வந்தார். எழுத்து அட்டையைக் கரும்பலகைக்கு மேலே ஆணியில் மாட்டினார்கள். மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்னது, கடைசி வரி கொசு முட்டை மாதிரி. டாக்டருக்குக் கை எட்டவில்லை. "ஏய் நெட்டையா, நீ வா" என்று ஸ்கேலைக் கூப்பிட்டு ஒரு குச்சியைக் கையில் கொடுத்தார். மேலேயிருந்து கீழே வரிசையாக ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்ட வேண்டும். மொத்த வகுப்பும் சுவரோரம் வரிசையில் நின்றது. ஸ்கேல் ஏதோ பெரிய உத்தியோகம் கிடைத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காட்டினான்.

பாதிப் பேர் கடைசி வரியில் தடுக்கி விழுந்தார்கள். கடைசியில் ஜன்னலோரப் பெஞ்சுப் பெண் வந்தாள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மேலேயிருந்து கீழே வரைக்கும் மூச்சு விடாமல் படித்தாள். மறு கண்ணைப் பொத்திக்கொண்டு மறுபடியும் படித்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை. டாக்டர் அசந்துபோய், "கழுகுக் கண்ணம்மா உனக்கு!" என்றார். அன்றிலிருந்து அவள் கழுகு.

கழுகு அதற்குப் பிறகு ஸ்கேலிடம் அறிவியல் நோட்டு கேட்க ஆரம்பித்தாள். வாரத்துக்கு மூன்று நாளாவது கேட்பாள். வாங்கிப் போய், மறுநாள் திருப்பித் தரும்போது ஓரத்தில் பென்சிலால் ஒரு கழுகு வரைந்திருக்கும். பார்த்தால் கோழி மாதிரி இருக்கும். அதைச் சொன்னால் கோபம் வரும். "உனக்கு வரையத் தெரியுமா? பேசாம இரு" என்பாள். அதைக் கேட்பதற்காகவே ஸ்கேல் கோழி, கோழி என்பான். வேறு பெரிய பேச்சு எதுவும் அவர்களுக்குள் கிடையாது. ஆனால் ஒன்று உண்டு. பாடம் நடக்கும்போது தன் இடத்திலிருந்து அவள் அவனைத் திரும்பிப் பார்ப்பாள். தலையை லேசாக இடது பக்கம் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, ஒரு பார்வை. வகுப்பில் வேறு யாரும் யாரையும் அப்படிப் பார்ப்பதில்லை. ஸ்கேலுக்குத் தலைகால் புரியாது. அந்தக் கண் சுருக்கலுக்காகவே கை நிறைய எண்ணெய் வைத்துத் தலையை வழித்து வாரிக்கொண்டு போவான்.

வருஷக் கடைசியில் அவள் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. ஸ்கேல் இரண்டு நாள் யோசித்து, ஒரு சீட்டு எழுதி, நோட்டுக்குள் வைத்துக் கொடுத்தான். 'நீ ஊருக்குப் போகும் நாளில் பஸ் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்பேன். உனக்குக் கடிதம் எழுதலாம் என்றால் ஜன்னலிலிருந்து கையைத் தூக்கு. தூக்காவிட்டால் நான் எந்தத் தொந்தரவும் செய்ய மாட்டேன்.' மறுநாள் நோட்டு திரும்பி வந்தது. சீட்டு இல்லை. கோழி இருந்தது.

அந்தக் காலை அவன் சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்றான். பள்ளிக்கூடம் போகிற நேரம். டவுன் பஸ்ஸுக்காக ஏழெட்டுப் பையன்கள் அதே வெள்ளைச் சட்டையோடு அங்கே நின்றிருந்தார்கள், அவனும் அவர்களுக்கு நடுவே நின்றான். அவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை, கூடையிலிருந்து ஒரு பூனைக்குட்டி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. இவளிடம் ஏது பூனை என்று அந்தப் பதற்றத்திலும் அவனுக்கு ஆச்சரியம். அவள் நேராக இந்தப் பக்கம் பார்த்தாள். தலையை இடது பக்கம் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, அதே பார்வை. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கை பூனை மேலேயே இருந்தது. பஸ் போய்விட்டது.

கடைசி வரி வரைக்கும் படித்த கண். சாலையின் அகலம் நாற்பது அடி. பார்த்தாள், தூக்கவில்லை. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? சொன்ன சொல்லைக் காப்பாற்றினான் ஸ்கேல். ஒரு வரி எழுதவில்லை. கோழி வரைந்த நோட்டைக்கூட அக்கா ஒரு நாள் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டாள்.

நாற்பத்திரண்டு வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஓர் அம்மாள் கடைக்குள் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு பக்கம் லென்ஸ் உடைந்து போயிருந்தது.

"சார், பஸ்ல பக்கத்துல கழட்டி வச்சேன். ஒரு குண்டு ஆளு வந்து அது மேலயே உட்கார்ந்துட்டாரு. எனக்கு இது இல்லன்னா ஒண்ணும் தெரியாது. நாலரைக்குத் திரும்பிப் போகணும். முடியுமா?"

"உட்காருங்கம்மா, பார்க்கலாம்" என்றார் கண்ணாடிக்காரர். உடையாத லென்ஸைப் பவர் பார்க்கிற மெஷினில் வைத்தார். மைனஸ் எட்டரை. பெரிய பவர்தான். அதே பவரில் எப்போதோ வாங்கி, இழுப்பறையின் அடியில் கேட்பாரில்லாமல் கிடந்த ஒரு ஜோடி லென்ஸ் ஞாபகத்துக்கு வந்தது. எதற்கும் ஒரு தடவை பரிசோதித்துவிடலாம் என்று உள்ளறையில் உட்கார வைத்து, எழுத்து அட்டைக்கு விளக்கைப் போட்டார். நாற்காலிக்கும் அட்டைக்கும் நடுவே அவர் வழக்கமாக ஒரு நீளக் குச்சியோடு நிற்பார். குச்சி அட்டையில் டொக்கென்று தட்டியது.

"குச்சி வச்சுக் காட்டுவீங்களா சார்?" அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்து, என்னை நம்பாதீங்க. ஸ்கூல்ல ஒரு தடவை இந்த அட்டையில ஒரு எழுத்துகூடத் தெரியாம முழுசும் படிச்சிருக்கேன்."

"எப்படிம்மா?"

"எனக்கு முன்னாடி நாப்பது பேர் நின்னாங்க. நாப்பது பேரும் அதையே சத்தமா ஒப்பிச்சா எந்தக் கழுதைக்கும் மனப்பாடம் ஆயிடுமே! ஒரு நெட்டைப் பையன், பாவம், குச்சியை வச்சு வரிசையா காட்டிட்டே வந்தான். ஒரே ஒரு தடவை அவன் வரிசை மாத்திக் காட்டியிருந்தா என் குட்டு உடைஞ்சிருக்கும்."

கண்ணாடிக்காரர் குச்சியைக் கீழே இறக்கினார். அந்த அம்மாள் அட்டை இருக்கும் திசையைப் பார்த்தாள். தலையை லேசாக இடது பக்கம் சாய்த்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

எப்படியோ பரிசோதனையை முடித்து, அவளை வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பின்கட்டுக்குப் போய் லென்ஸைச் சாணை பிடிக்க உட்கார்ந்தார். தண்ணீர் சொட்டச் சொட்டச் சக்கரம் சுற்றியது. கிட்டப்பார்வைக்காரர்கள் கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பார்கள். முப்பத்தைந்து வருஷமாக இதே வேலை, வாசலில் நுழையும் ஆள் கண்ணைச் சுருக்கினாலே பவர் இவ்வளவு இருக்கும் என்று சொல்லிவிடுவார். அட மடையா, ஊருக்கெல்லாம் சொன்னாயே, இவள் ஒருத்திக்கு மட்டும் அது ஏன் உறைக்கவில்லை? உறைக்காது. கடைசி வரி வரைக்கும் அவள் படித்ததற்குச் சாட்சியே இவர்தானே! இந்தக் கடையில் சேர்ந்த முதல் வாரமே, அட்டையை ஒருபோதும் வரிசையாகக் காட்டக் கூடாது, முன்னும் பின்னுமாக மாற்றித்தான் காட்ட வேண்டும் என்று கற்றுக்கொண்டவர். அதை ஒரு நாளும் மீறியதில்லை. அப்போது பதினைந்து வயது, யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இப்போது மைனஸ் எட்டரை என்றால் அந்த வயதில் குறைந்தது நான்கு இருந்திருக்கும். நான்கு என்றால் ஒரு சாணுக்கு அப்பால் எல்லாம் மங்கல். அப்படியானால் அந்தப் பார்வை? வகுப்பில் எண்ணெய் தடவிக்கொண்டு போய் வாங்கிய அத்தனை பார்வையும்? அது தனக்கில்லையோ என்று நினைத்துச் சக்கரத்தை நிறுத்தினார். அடுத்த நிமிஷம் இன்னொன்றும் தோன்றியது. அப்படியானால் பஸ்ஸில்? லென்ஸ் கையிலிருந்து நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டார். அந்தப் பவரில் அந்தக் கடையில் வேறு லென்ஸ் கிடையாது.

கண்ணாடியைத் துடைத்துக் கொண்டுவந்து அவளுக்கு மாட்டினார். காதுக்குப் பின்னால் காலைச் சரி செய்தார். அவள் கண்ணைக் கொட்டிக்கொண்டு ஒரு சாண் தூரத்தில் அவரைப் பார்த்தாள். தெரியவில்லை. வழுக்கைத் தலை, நரைத்த மீசை, எப்படி அடையாளம் தெரியும்?

"கழுகு" என்றார் அவர். மறுபடி சொன்னார். "கழுகுதானே?"

அவள் வாய் திறந்தபடி நின்றது. அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஐயையோ! ஸ்கேலு! நீயா? நீ... நீங்களா?"

"நீன்னே சொல்லு. பரவாயில்ல."

"இவ்வளவு நேரம் என் எதிர்லயே நின்னுட்டு இருந்தியா? நெட்டைப் பையன்னு உன் முகத்துக்கு நேராவே சொன்னேனே!" அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் எல்லாம் கொட்டினாள். எங்கேயோ ஓர் அலுவலகத்தில் வேலை, அடுத்த மாதம் ஓய்வு, பிறந்த தேதிக்குப் பள்ளிக்கூடத்துச் சான்று வேண்டும் என்று வந்திருக்கிறாள். வீட்டுக்காரர் ரொம்ப நல்ல மாதிரி. ஒரே பெண், கட்டிக் கொடுத்தாயிற்று. உனக்கு என்று கேட்டாள். எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன் என்றார்.

"ஏன் கண்ணு தெரியலன்னு யார்கிட்டயும் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அக்கா ஏற்கனவே சோடாபுட்டி. நீயுமான்னு அம்மா தலையில அடிச்சுப்பாங்க. போர்டு தெரியாது, அதான் உன் நோட்டு. உன் எழுத்து ஒண்ணொண்ணும் பானை பானையா இருக்கும், நல்லாத் தெரியும்."

அவர் அசடு வழியச் சிரித்தார். எழுத்து பெரிதாம், அதற்காகத்தான் நோட்டாம். கேட்கலாமா வேண்டாமா என்று துணியை மடித்து மடித்து விரித்தார். பிறகு கேட்டே விட்டார். "கிளாஸ்ல கண்ணைச் சுருக்கி என் பக்கம் பார்ப்பியே?"

"கடிகாரம் உன் தலைக்கு மேலதானே இருந்தது! எப்ப மணி அடிக்கும்னு, முள்ளாவது தெரியுதான்னு பார்ப்பேன்." குரல் இறங்கியது. "சில நாள் உன்னையும் பார்த்திருக்கேன். முகமெல்லாம் தெரியாது. உசரமா ஒண்ணு தெரியும். அது நீதான்."

அவள்தான் மறுபடி ஆரம்பித்தாள், பார்வையை மேஜைமேல் வைத்துக்கொண்டு. "அந்தச் சீட்டை எத்தனை தடவை படிச்சேன் தெரியுமா? கிட்டத்துல எனக்கு எல்லாம் தெரியுமே. பஸ்ல உட்கார்ந்து தேடு தேடுன்னு தேடினேன். எதிர்ப்பக்கம் வெள்ளை வெள்ளையா ஏழெட்டு நின்னுது. எது நீன்னு தெரியல. பக்கத்துல அப்பா. யாரோ ஒரு பையனுக்குக் கையைத் தூக்கிட்டா? உசரமா ஒண்ணு தெரியுதான்னு பார்த்தேன், வெயில்ல ஒண்ணும் புரியல. வந்திருந்தா நீயாவது கையை ஆட்டியிருப்ப, சத்தம் போட்டிருப்பன்னு நினைச்சுக்கிட்டேன். புது ஊருக்குப் போன ரெண்டாவது வாரம் ஒரு சைக்கிள்ல போய் மோதி விழுந்தேன், உடனே அப்பா கண்ணாடி போட்டுவிட்டாரு. ரெண்டு வாரம் முன்னாடி விழுந்திருக்கக் கூடாதா?" தலையை நிமிர்த்தினாள். "நீ வரலதானே? ஏன் வரல?"

நாற்பத்திரண்டு வருஷமாக அவருக்கு வேண்டியிருந்த பதில் இதுதான். வந்துவிட்டது. வந்தேன், உனக்கு நேர் எதிரே நின்றேன், நீ தூக்குவாய் என்று என் கையைத் தூக்காமல் காத்திருந்தேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. சொன்னால் என்ன ஆகும்? இவள் நாலரை பஸ்ஸில் அதையும் சுமந்துகொண்டு போவாள். ஒரு பொய்க்கு, சின்னப் பெண்ணாக இருந்தபோது சொன்ன ஒரு பொய்க்கு, இனிமேல் தூங்காமல் கிடப்பாள். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள், அங்கே இதை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

"காய்ச்சல்" என்றார். "மூணு நாள் எழுந்திருக்கவே இல்ல."

"அப்படியா?" என்றாள். ஆறுதலா ஏமாற்றமா என்று தெரியவில்லை.

அந்தப் பேச்சிலிருந்து எப்படியாவது நழுவ வேண்டும் என்று அவர் குனிந்து கண்ணாடிப் பெட்டியைத் தேடினார். தேடிக்கொண்டே வாய்க்கு வந்ததைக் கேட்டார். "அந்தப் பூனைக்குட்டி புது வீட்ல தங்குச்சா?"

"எங்க தங்குச்சு? அன்னைக்குக் காலையில தெருவுல கிடந்ததை எடுத்துக் கூடையில போட்டுட்டுப் போனது. ரெண்டாம் நாளே ஓடி..." அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவர் பெட்டியைக் கண்டுபிடித்து நிமிர்ந்தபோது அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுருக்காமல் பார்த்தாள். நேரமாகிறது என்று எழுந்தாள்.

புதுக் கண்ணாடி மாட்டினவர்களை வாசலுக்கு அழைத்துப்போய் எதிர்ப்பக்கத்துப் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொல்வது அந்தக் கடையின் வழக்கம். அவளையும் அழைத்துப்போனார். மருந்துக் கடைப் பலகையை அடியில் இருந்த சின்ன எழுத்து வரைக்கும் படித்தாள். "மனப்பாடம் இல்லையே?" என்றார். அவள் சிரிக்கவில்லை. "உடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தாள்.

பஸ் நிறுத்தம் எதிரேதான். நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவள் அவர்களுக்கு நடுவே போய் நின்று திரும்பினாள். வாசலில் நின்ற அவரை நேராகப் பார்த்தாள். வலது கையைத் தூக்கினாள். போய் வருகிறேன் என்று ஆட்டவில்லை. தலைக்கு மேலே நேராகத் தூக்கி, அப்படியே வைத்திருந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள், அவள் இறக்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு மண்டையில் உறைத்தது. தான் கேட்கும்வரை பூனைக்குட்டியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று காலையில் தெருவில் கிடைத்து, பஸ்ஸில் மடியில் இருந்த பூனை. காய்ச்சலில் மூன்று நாள் படுத்திருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

கண்ணாடிக்காரர் தன் கையைத் தூக்கினார். நடுவில் பஸ் வந்து நின்று மறைத்தது. எந்த ஜன்னல் என்று தேடினார், கண் நிறைந்துவிட்டதால் எல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. பஸ் போன பிறகு எதிர்ப்பக்கம் மருந்துக் கடைப் பலகை மட்டும் இருந்தது. அவர் கை இறங்கவில்லை.

போய்க்கொண்டிருந்த ஓர் ஆட்டோ சட்டென்று ஒடித்துத் திரும்பி அவர் முன்னால் வந்து நின்றது.

"எங்க சார் போகணும்?"

அவர் கையைப் பார்த்தார். மெல்ல இறக்கினார்.

"எங்கயும் இல்லப்பா" என்றார். "நீ போ."